மிதவை

இராயக்கோட்டை தக்காளி மண்டிக்கு எதிரே
ஸ்டார்ட்டர் ரிப்பேர் கடையின் மாடி.
இரவு பதினொன்றரை.
கீழே லாரியில் கிரேட் அடுக்குகிறார்கள்.
நான் எட்டு பிட்டுகளை.

"உங்க பெட்டிக்குப் பேய் புடிச்சிருக்கும்மா,"
கெலமங்கலத்திலிருந்து திம்மராயன்.
கிணறு வற்றியும் மோட்டார் ஓடியதாம்,
நின்றதாம்,
ஆள் கிட்டே போனால் மறுபடி ஓடியதாம்.

மேசையில் அதே சிப்.
விரலைப் பக்கத்தில் கொண்டுபோகிறேன்.
தொடவில்லை.
ஒன்று. பூஜ்ஜியம். ஒன்று. ஒன்று.

விழிக்கும்போது அதன் எல்லாக் கால்களும் காதுகள்தான்.
திசைப் பதிவேட்டில் ஒன்று எழுதினால்
அந்தக் கால் பேசும். ரிலேவுக்கு எழுதியிருக்கிறேன்.
மிதவைக்குப் பூஜ்ஜியம்:
நீ கேள்.
தண்ணீர் இருந்தால் கம்பி தரையைத் தொடும், கேட்கும்.
வற்றினால் கம்பி எதையும் தொடாது.
அப்போது எதைக் கேட்பது?
சொல்லவே இல்லை நான்.
பக்கத்து வயல் மோட்டாரின் உறுமலை,
என் விரலை,
காற்றைக் கேட்டிருக்கிறது பாவம்.

கிணற்றில் மிதவை மிதக்கலாம்.
சிப்பில் கால் மிதக்கக் கூடாது.

கேட்கிற காலுக்கு போர்ட்டில் ஒன்று எழுதினால்
அது வெளியே போகாது.
உள்ளே ஒரு மின்தடை
மெல்ல மேலே இழுத்துப் பிடிக்கும்.
எழுதினேன். மூன்றாவது பிட்
(திம்மராயன் எண்ணினால் நான்காவது).
ரிலே செத்தது.

பதினைந்து நிமிடம் சாலிடரைக் குறைசொன்னேன்.
பிறகு பார்த்தேன்:
சமக்குறிக்கு முன்னால் ஒரு நெட்டைக் கோடு இல்லை.
ஒன்றை ஏற்றப்போய்
மற்ற ஏழையும் துடைத்திருக்கிறேன்.
கோடு போட்டேன்.
இருக்கிறவை இருக்கட்டும்,
இதுவும் சேரட்டும்.

காலையில் கிணற்றடி.
மோட்டார் ஓடிக்கொண்டிருக்கையில்
மிதவைக் கம்பியைப் பிடுங்கினேன்.
நின்றது.
அவர் குனிந்து எட்டிப் பார்த்தார்.
"தண்ணி இருக்குதே?"
"இருக்கு. அதுக்குத் தெரியாது.
தெரியலைன்னா நில்லுன்னு சொல்லியிருக்கேன்."

கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தார்.
"இத்தனைக்கும் என்ன மாத்துன?"
"ஒரு பிட்டு."
"ஒரு பிட்டுக்கா முந்நூறு?"

இருநூறும் ஒரு கிரேட் தக்காளியும்.
வண்டியின் பின்னால் கட்டும்போது
கிரேட்டின் ஒரு பக்கம் ஆடியது.
கயிற்றை இன்னொரு சுற்று
மேலே இழுத்துக் கட்டினேன்.