ஐந்து கிலோ

எலெக்ட்ரானிக் தராசு வெள்ளறடை வரை வந்து
ஆறுகாணி ஏற்றத்துக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த வருஷம்.
என் கடையில் அப்போதும் இரும்புக் கல்தான்.
நெற்றியில் ஐந்து கிலோ என்று எழுதியிருக்கும்.
அடிக்குழியில்
முத்திரைக்காரர் ஜீப் ஏறிப்போன மறுநாள்
நான் உருக்கி ஊற்றிய ஈயம்,
நூற்றிருபது கிராம்.

ரப்பர் ஷீட் வாங்குகிறவனுக்குக்
கல் கனத்தால் போதும்.

தவக்காலம். கடை வாசலைக் கடந்து
குருசுமலைக்குப் போகிறார்கள்,
தோளில் மரச்சிலுவை,
மலையாளத்தில் ஒரு பத்து மணி, தமிழில் ஒரு பத்து மணி.
நானும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டேன்.
பொய் சொன்னேன். மனைவியை ஏசினேன்.
வெள்ளிக்கிழமை இறைச்சி தின்றேன்.
வேறே? என்றார் அச்சன்.
வேறே ஒண்ணும் இல்ல அச்சா.
மூன்று அருள்நிறை மந்திரம் அபராதம்.
மூன்றும் சொன்னேன்.
கல்லில் ஒரு கிராம் குறையவில்லை.

பெரிய வெள்ளியன்று அதைச் சாக்குப்பையில் போட்டு
மலைக்குச் சுமந்தேன்.
பையில என்ன சேட்டா, கேட்டான் ஒரு பாறசாலைப் பையன்.
தேங்காய், என்றேன்.
போகிற வழியிலும் ஒரு பொய்.

பதினாலாம் ஸ்தலத்துக்கு அப்பால் பள்ளம்.
கீழே எது தமிழ்நாடு எது கேரளம் தெரியவில்லை,
ஒரே ரப்பர்ப் பச்சை.
கை ஓங்கினேன்.
பள்ளத்தில் ஏற்கெனவே கிடந்தன
பிராந்திக் குப்பிகள், நனைந்த சீட்டுக்கட்டு,
ஒரு சிகரெட் பெட்டி, பிரிக்காதது.
எல்லாம் மறுவாரம் கடையில் கிடைக்கிற சாமான்.

மனந்திரும்பு என்கிறார்கள்.
எனக்கு மனம் திரும்பவில்லை.
கால்தான் முதலில் திரும்பியது.

லீலாபாய் பயறும் கஞ்சியும் இறக்கிவைத்துக்கொண்டிருந்தாள்.
புகைப்புரையில் ஷீட்டுகள், அவள் தலைச்சுமையாய்
பதினோரு வருஷம் என்னிடம் கொண்டுவந்த அதே அளவு.
கல்லைக் கவிழ்த்துக் காட்டினேன்.
வாங்கித் தூக்கிப் பார்த்தாள்.

தெரியும்.
எப்ப மொதல்?
எனக்க அவரு செத்த வருசம் மொதல்.
பின்ன எதுக்கு நம்ம கடைக்கே வந்தே?
வர்கீஸுக்க கடையில கல்லு இதவிடக் கனம்.

எனக்குச் சிரிப்பு முட்டியது. அவளுக்கு இல்லை.
கணக்குப் போடும், என்றாள்.

கோயிலில் தந்த தவக்காலக் காணிக்கை உறையின் பின்பக்கம்
ஐந்நூற்று எழுபத்திரண்டு வாரம் என்று எழுதினேன்.
அவள் நிறுத்தினாள்.
மழைக்காலம் வெட்டு கிடையாது, அதக் கழியும்.
மூத்தவ பிரசவத்துக்கு வந்த ரெண்டு மாசம், அதயும் கழியும்.
எனக்குக் கால் நீர்கோத்துக் கிடந்த அந்த மார்கழி.
கஞ்சி ஆறுகிறது,
ஒவ்வொரு வாரமாக நினைவிலிருந்து எடுத்து
என் கடனைக் குறைத்துக்கொண்டேயிருந்தாள்,
நியாயமாக, முகத்தில் ஒரு இளக்கமும் இல்லாமல்.
உறையின் மேல் எழுத்து கலங்கியது.
பேனா ஒழுகுது போல, என்றேன்.
அதையும் கழிக்கவேண்டும் ஒருநாள்.

தொண்ணூற்றாறு கிலோ சொச்சம்.
சனிக்கிழமைதோறும் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.
எண்ணி வாங்குகிறாள்.
மன்னித்தேன் என்று இதுவரை சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

உயிர்ப்புக்கு முந்தின ராத்திரி மறுபடி தொட்டியில் முழங்காலிட்டேன்.
வேறே? என்றார் அச்சன்.
இருக்கு அச்சா.
முப்பத்தெட்டுப் பேரு. அதில் நாலு பேருக்குப் பெயர் தெரியாது.
நேரமாகும்.

கல் அவள் வீட்டில்தான்,
புகைப்புரைக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டுக்கொடுத்து.
போகும்போதெல்லாம் என் கால்விரலில் இடிக்கிறது.