மூன்றாம் நிலை, ஏழாவது குழி

பாபநாசத்தில் ஓர் உரக்கடையின் மேல்மாடி.
யூரியா நெடியில் உட்கார்ந்து
ஆபத்துகளை வரைகிறேன், மாதச் சம்பளத்துக்கு.

ஓடுகிறவனை வரைவது திலோத்தமை.
அவன் தாவும் உயரம் அவள் கணக்கு:
இரண்டரைக் கட்டம், அதற்குமேல் ஒரு புள்ளி கூடாது.
அவனைக் கொல்பவை எல்லாம் என் கணக்கு.

முதல் இரண்டு நிலைகளில் முள், ரம்பம், எரிகுழம்பு.
எரிமலையை நான் பார்த்ததில்லை,
கேட்டவர்களும் பார்த்ததில்லை.
மூன்றாவதற்கு வேறு ஏதாவது யோசி
என்றார் ஹிலால் சார், ராஜகிரிக்காரர்.
ஜன்னலைத் திறந்தேன்.

புயலுக்கு மறுநாள் வயலில் கிடந்த மின்கம்பி வந்தது.
தண்ணீர் தொடும் இடமெல்லாம் அதுவும் தொடும்.
இறால் குட்டையின் சுழல் சக்கரம் வந்தது,
நேரம் பார்த்துத் தாண்டவேண்டும்.
ஏறி இறங்கும் மதகுப் பலகை,
திருகுகிற கை யாருடையதென்று திரையில் தெரியாது.
அணைக்கரை முதலை ஒன்று, கண்கள் மட்டும் மேலே.
சோதித்துப் பார்ப்பவர்கள் முதலையை நம்பவில்லை.
தஞ்சாவூர்ப் பக்கம் முதலையா, இதென்ன அமேசானா
என்று எழுதி அனுப்பினார்கள்.

இந்தத் தொழிலிலும் ஒரு நியாயம் உண்டு.
எந்த ஆபத்தையும்
கொல்லுமுன் ஒருமுறை காட்டிவிடவேண்டும்.
முள் பளபளக்கவேண்டும்.
நொறுங்கப்போகும் பலகை முதலில் நடுங்கவேண்டும்.
காட்டாமல் கொன்றால் பிள்ளைகள் கோபத்தில்
போனிலிருந்தே நம்மை அழித்துவிடுவார்கள்.

பிறகு ஆறு.
தொடக்கத்தில் வெறும் மணல், பாதியில் தண்ணீர் வரும்,
சருகையும் பிளாஸ்டிக்கையும் முன்னால் தள்ளிக்கொண்டு.
மணலில் குழிகள் வைத்தேன்,
இரவில் பொக்லைனின் கை எட்டுகிற ஆழத்துக்கு.
தண்ணீர் வந்துவிட்டால் மேலே எல்லாம் ஒரே சமம்,
முழங்காலளவு என்று தோன்றும்.
ஆறு குழிகளுக்கு விளிம்பில் நிழல் போட்டேன்.
ஏழாவதற்குப் போடவில்லை.

குறிப்பு வந்தது: ஏழாவது குழி அநியாயம்,
விளையாடுகிறவனுக்கு எப்படித் தெரியும்?

தெரியாதுதான்.
ராயப்பனுக்குத் தெரியவில்லை.
எட்டாம் வகுப்பு, கடைசி பெஞ்ச்,
தாவுவதில் எங்களைவிட ஒரு முழம் கூடுதல்.
ரப்பர் பந்து கொள்ளிடத்தில் விழுந்தது, பின்னால் போனான்.
முழங்கால், முழங்கால், முழங்கால்,
அப்புறம் நாங்கள் கைதட்டினோம்,
முங்குநீச்சல் காட்டுகிறான் என்று.
ரொம்ப நேரம் தட்டினோம்.
பந்து அதே இடத்தில் மெதுவாகச் சுற்றியது.

எச்சரிக்கைப் பலகையைப் பதினாறாம் நாள் நட்டார்கள்.
அடுத்த வெள்ளத்தில் அதுவும் போயிற்று.

ஹிலால் சார் நல்ல மனிதர்.
ஒரு பலகை வை, விவகாரம் முடிந்தது என்றார்.
வைத்தேன், எழுத்து பாதி உரிந்தது, ஒருபக்கம் சாய்ந்தது.
அன்றிரவு கீழே ஷட்டர் இறங்கிய பிறகு
இன்னொன்றும் செய்தேன், யாரிடமும் சொல்லவில்லை.
ஏழாவது குழியின் அடியில், திரைக்குக் கீழே,
கண்ணுக்குத் தெரியாத ஒரு தளம்,
ஒரே ஒரு கட்டம் அகலம்.
விழுகிறவனின் கால் அதில் படும்.
மூன்று நொடி இருட்டில் நிற்பான்.
பிறகு மேலே வருவான், சொட்டச் சொட்ட,
உயிர்க்கணக்கில் ஒன்றும் குறையாமல்.

இன்று காலை திலோத்தமை சிவப்பில் பதிந்திருக்கிறாள்:
பிழை எண் 212. ஏழாவது குழி கொல்லவில்லை.
நாற்பது முறை குதித்துப் பார்த்தாயிற்று.

கீழே யாரோ பொட்டாஷ் வந்துவிட்டதா என்கிறார்.
'சரிசெய்யப்படாது' என்று ஒரு பொத்தான் உண்டு,
அழுத்தினால் காரணம் கேட்கும்.
பெட்டியில் கோடு துடித்தபடி இருந்தது.
அப்படியே விட்டுவிட்டு டீக்கடைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது
அவள் இன்னும் குதித்துக்கொண்டிருந்தாள்.
நாற்பத்தேழு, என்றாள்,
திரையிலிருந்து முகத்தை எடுக்காமல்.