நான்காம் கேள்விக்கு

சாட்சியின் பெயர் ஆம்ப்ரோஸ் டிப்பட்.
வயது அறுபத்திரண்டு, அல்லது பக்கத்தில்.
சதர்க்கில் ஓடக்காரன். அதற்கு முன்
பதினேழு வருஷம் கரடிக்கூடத்தில் நாய் பிடித்தவன்.
சத்தியம் வாங்கியாயிற்று.

முதல் கேள்விக்கு: வாதியைத் தெரியும்.
விதவை பெர்னல் ஸ்டோக்ஸ்லி. வாசலில் அவளே நிற்பாள்,
கீழே நிற்க ஒரு பென்னி, சாரத்தில் ஏற இன்னொன்று.
இரண்டாவதற்கு: பிரதிவாதி ராட்லியையும் தெரியும்.
தெரியாமல் இருந்திருக்கலாம்.
மூன்றாவதற்கு: பிஷப் எழுதிக்கொடுத்த குத்தகைச் சீட்டை
நான் கண்டதில்லை. கண்டாலும்
எனக்கு அது ஈ மொய்த்த தோல்தான்.

நான்காம் கேள்விக்கு:
மேற்படி கூடம் மேற்படி வாய்க்காலுக்குக்
கிழக்கே நின்றதா, மேற்கே நின்றதா?

ஐயா, வாய்க்கால் நிற்கிற பொருளா?
தேம்ஸ் ஒரு குளிர்காலம் பொங்கினால்
அது ராட்லி வீட்டுப் படியில் படுத்துக்கொள்ளும்.
செத்த நாய்களைப் புதைத்த குழி வேண்டுமானால் காட்டுகிறேன்,
அங்கேதான் இப்போது முட்டைக்கோஸ் நன்றாகத் தலை கட்டுகிறது.

நடுக்கம்பம் ஓக் மரம். என் இடுப்பளவு கனம்.
பார்னபி என்றொரு கரடி, இரண்டு கண்ணும் இல்லை,
நாய் பின்னால் வராதபடி
முதுகைக் கம்பத்துக்குக் கொடுத்துவிட்டு
முகத்தை எல்லோருக்கும் கொடுக்கும்.

லூக்கா திருநாள் இரவு
நாங்கள் நாலு பேர் அந்தக் கம்பத்தைப் பிடுங்கிப்
பதினொரு தப்படி தள்ளி நட்டோம்.
பழைய குழியில் மண், மண்மேல் வைக்கோல்.
தலைக்கு இரண்டு ஷில்லிங்.
கொடுத்தவர் யார் என்று
நான்காம் கேள்வி கேட்கவில்லை.

மறுநாள் சங்கிலி மாட்டுவதற்குள் பார்னபி
நேராகப் பழைய இடத்துக்குப் போனது.
மோப்பம் பிடித்தது. திரும்பியது.
இல்லாத கம்பத்தில் முதுகைச் சாய்த்து
மல்லாந்து விழுந்தது.
சாரம் அதிரச் சிரித்தார்கள்.
நானும்தான்.
எழுந்தது. மறுபடியும் அதே இடத்தில்
சாய்ந்தது.

எழுத்தர் பேனாவைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்.
கிழக்கா, மேற்கா?
ஒரு சொல் போதும் என்கிறார், மசி காய்கிறது என்கிறார்.
ஒன்று சொன்னால் விதவைக்கு, மற்றது சொன்னால் ராட்லிக்கு.
கரடியின் வாக்குமூலத்துக்குத்
தாளில் இடமில்லையாம்.

"சாட்சிக்கு இதற்குமேல் நினைவில்லை"
என்று அவரே எழுதிக்கொண்டார்.

ஐந்தாம் கேள்விக்கு: மேற்படி கரடி இறந்தபின்
தோல் யாருக்குப் போயிற்று?
அது நன்றாகத் தெரியும். தோல் பதனிடுகிறவனுக்கு, ஒன்பது ஷில்லிங்.
கையெழுத்து வராது.
இரண்டு விரல் போக மிச்சக் கையால்
கீறல்.