இடித் தகடு

ஹாலிஃபாக்ஸ் நாடகக் கொட்டகையில்
ஆறடி இரும்புத் தகடு ஒன்று
கயிற்றில் தொங்கும்.
கீழ்முனையைப் பிடித்து உலுக்குபவன் நான்.
ஓர் இரவுக்கு இரண்டு ஷில்லிங்.

பழையவரின் நாடகத்தில்
தன் நதியைத் தானே விற்றுவிட்ட அரசன்
நான்காம் அங்கத்தில் குன்றேறி
வானத்தை ஏசுவான்.
வானம் பதில் சொல்லியாக வேண்டும்.
வானம் என்பது
நானும் என் தோள்பட்டை வலியும்.
அவன் விழும்போது கோட்டையும் சேர்ந்து விழும்.
மலிவு இருக்கைகளில் ஆரஞ்சு தின்பவர்கள்
தோலைக் கையில் வைத்தபடி அழுவார்கள்.

புதியவரின் நாடகம் பிப்ரவரியில் வந்தது.
இடி உண்டா என்று கேட்டேன்.
மேலாளர் ஓல்ட்ராய்ட் பிரதியைப் புரட்டி
"கெட்டில் உண்டு" என்றார்.

கடைக்காரி ஒருத்தியின் கணக்கு
பதினோரு ஷில்லிங் உதைக்கிறது.
அவ்வளவுதான் கதை.
மூன்று அங்கமும் அதையே கூட்டுகிறாள்.
பிறகு விளக்கைத் தணித்துவிட்டு
மாடிப்படி ஏறுகிறாள்.
திரைக்குப் பின்னால்
கெட்டில் சீறிக்கொண்டே இருக்க வேண்டும்,
இறக்கி வைக்க யாரும் வராமல்.
கைதட்ட மறந்து
ஜனங்கள் தங்கள் கோட்டைத் தேடினார்கள்.
இதெல்லாம் ஒரு துன்பமா என்று
நான் சிரித்தேன்.

தலையில் இடி விழுந்தாற்போல என்பார்கள்.
பார்ன்ஸ்லி சுரங்கத்திலிருந்து
தம்பி எஸ்ராவைப் பற்றித் தந்தி வந்த காலையில்
இடி கொட்டகையில் பூட்டிக் கிடந்தது.
நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன்.
படித்தேன்.
கையிலிருந்ததைச் சீவி முடித்தேன்.
இன்னொன்றையும் எடுத்தேன்.
தந்திப் பையன் தொப்பியைத் திருகிக்கொண்டு
பதில் உண்டா என்றான்.
எதிர்வீட்டு மேபல்
மரக்கவ்விகளை வாயில் வைத்தபடி
துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

புதியவருக்கு இது எப்படித் தெரிந்தது?

அன்றிரவு பழையவரின் நாடகம்.
அரசன் விழுந்தான். உலுக்கினேன்.
பத்து எண்ணும்வரை என்பது குறிப்பு.
பத்து போயிற்று.
நாற்பதும் போயிற்று.
வசனம் சொல்ல வேண்டிய தளபதி
வாயைத் திறந்து திறந்து மூடினான்.
செத்த அரசன் ஒரு கண்ணைத் திறந்து
என் பக்கம் பார்த்தான்.
ஓல்ட்ராய்ட் ஓடிவந்தார்.
என் முகத்தைப் பார்த்தார்.
தகட்டின் இன்னொரு விளிம்பைப் பிடித்தார்,
நிறுத்தவா, சேர்ந்து உலுக்கவா,
இன்றுவரை தெரியாது.

சனிக்கிழமைக் கூலியில்
ஆறு பென்ஸ் குறைந்திருந்தது.
நான் கேட்கவில்லை.