வியாழக்கிழமை

செவ்வாய் ராத்திரி பதினொன்றே காலுக்கு
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
கூட்ஸ் வண்டி.
பெட்டிகளை எண்ணுவது தேசிங்குக்குச் சின்னதிலிருந்தே பழக்கம்.
நாற்பத்தொன்றில் மஃப்டியில் இரண்டு பேர் வந்து
பைக் சாவியைப் பிடுங்கினார்கள்.
மீதிப் பதினேழை எண்ணினவள் நான்.

எதுக்கு சார்?
ஸ்டேஷனுக்கு வாம்மா, சொல்றோம்.

போனேன்.
அப்படி யாரும் இங்க இல்லையே என்றார் பாரா.
அவர் மேசைக்கடியில் தம்பியின் செருப்பு கிடந்தது.
அறுந்த இடது வாருக்கு ஆணி வைத்துத் தைத்தவள் நான்தான்,
எனக்குத் தெரியாதா?

புதன்கிழமை முழுக்க
அவன் எந்த ஊரிலும் இல்லை.

வியாழன் விடிகாலை
மூலக்கொத்தளம் பஸ் ஸ்டாப்பில்
சந்தேகப்படும்படி நின்றிருந்தான் என்று
ஒரு காகிதத்தில் திரும்பக் கிடைத்தான்.
யார்டில் காணாமல்போன செம்புக் கம்பி
நூற்றிருபது கிலோ.
தம்பி எடை ஐம்பத்து மூன்று.

வக்கீல் நூருன்னிசா
பாரிமுனை ஜெராக்ஸ் கடை வாசலில் டீயோடு நின்று சொன்னாள்:
கைதே செல்லாதுன்னு சண்டை போடலாம்.
காரணம் சொல்லல, உனக்கு எழுத்துல தகவல் தரல,
ஒரு நாளைக்குள்ள கோர்ட்டுல நிறுத்தல.
கேமராவைக் கேப்போம், ஹைகோர்ட்டுக்குப் போவோம்.
எத்தனை நாள் ஆகும்னு மட்டும் என்னைக் கேக்காத.
இல்லையா, ஜாமீன்.
திங்கக்கிழமை வெளிய வந்துடுவான்.

வெளிய வந்துட்டு சண்டை போடக் கூடாதா?

ஆறிப்போன டீயை ஊதினாள்.
கூடாதுன்னு இல்ல.
ஆனா கேப்பாங்க,
வியாழன்னு நீங்களே எழுதிக் குடுத்துதானே வந்தீங்க,
அன்னைக்கு ஏன் வாயைத் தொறக்கல,
இப்ப என்ன புதுசா செவ்வாய்?

புழலில் வலைக்கு அந்தப்பக்கம்
ஒரு கையை மட்டும் வலையில் வைத்துப் பேசினான்.
இன்னொரு கையைக் காட்டுடா என்றேன்.
ஜாமீன் போடுக்கா என்றான்.

டைப் அடிக்கிறவர் கைது நாள் கேட்டார்.
செவ்வாய்.
விரல்கள் நின்றன.
எஃப்ஐஆர்ல வியாழன் இருக்கேம்மா,
மாத்தி அடிச்சா ரிட்டர்ன் ஆயிடும்.
நூருன்னிசா என்னைப் பார்க்கவில்லை.
நடுவில் யாரோ நோட்டரி ஸ்டாம்ப் கேட்டுவிட்டுப் போனார்கள்.
அடிங்க என்றேன்.

ரெண்டு நபர் ஜாமீன்.
ஒன்று நான், என் ஆட்டோவின் ஆர்சி புக்கோடு.
இன்னொன்று ஐஸ் ஃபேக்டரி குப்பம்மா,
வீட்டு வரி ரசீதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி
இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள்.

கோர்ட்டுத் தமிழில் தம்பிக்கு எதிரி என்று பேர்.

எதிரியை எத்தனை வருஷமாத் தெரியும்?
இருபத்தாறு வருஷமாங்க.

ரெண்டு நாள் கழிச்சுக்குங்க சார்,
அந்த ரெண்டு நாள் மட்டும் அவன் எங்க இருந்தான்னு
எனக்குத் தெரியாது.
இதைச் சொல்லவில்லை.
காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்,
இனிஷியல் உட்பட.

வந்துவிட்டான்.
முதல் நாள் ராத்திரி
விளக்கை அணைக்காமல் படுத்தோம்.

கண்டிஷன்:
தினமும் காலை பத்தரைக்கு
அதே ஸ்டேஷனில் கையெழுத்து.
சணலில் கட்டின பேனா.
அதே பாரா.
தம்பி பேனாவை இடது கையில் எடுத்தான்,
கோணல்மாணலாகத் தன் பேரை எழுதினான்.
பிறகு மேசைக்கடியில் குனிந்து பார்த்தான்.

சார், என் செருப்பு.

எந்தச் செருப்பு?
அவர் நோட்டை ஒரு பக்கம் பின்னால் திருப்பி
விரலால் தேடினார், உண்மையாகவே தேடினார்.
வியாழக்கிழமை உன்னைக் கூட்டியாந்தப்ப
வெறுங்காலுன்னு போட்டிருக்கேப்பா.

வாயைத் திறந்தேன்.
தம்பி என் முந்தானையை இழுத்தான்.

வெளியே தார் ரோடு கொதித்தது.
ஆட்டோ வரைக்கும் முப்பதடி இருக்கும்.
ஓடினான்.