புரி

பெட்டி ஸ்காபரோவிலிருந்து வந்தது,
கப்பலில் ஏழு கிழமை.
இரண்டு பால்மா டின்,
அவருக்கு ஒரு கம்பளிச் சட்டை,
உப்புவெளியில் கம்பளிச் சட்டை!
நடுவில், துவாய்கள் சுற்றி,
தண்ணீரை மென்மையாக்கும் எந்திரம்.

தம்பி நிமலன் அனுப்பினது.
தை மாதம் அழைத்தபோது நான் சொன்னது இவ்வளவுதான்:
கேத்திலுக்குள் சுண்ணாம்பு,
ஷவரில் பாதித் துளை அடைப்பு,
தலைமயிர் தும்பு,
சவுக்காரம் நுரைக்க மாட்டேன் என்கிறது.
காணி உறுதியைப் பற்றி அவனும் கேட்கவில்லை
நானும் எடுக்கவில்லை.
ஆறு வருசமாய் நாங்கள்
தண்ணியையும் வெயிலையும்தான் கதைக்கிறோம்.

கிண்ணியாவிலிருந்து முஸம்மில் வந்தார்,
மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால்
பிவிசி பைப் வால் மாதிரி நீட்டிக்கொண்டு.
எந்திரத்தின் வயிற்றைத் திறந்தால்
பாரைமீன் சினை போல் மஞ்சள் மணிகள்.
"தண்ணியில இருக்கிற கல்லை இது பிடிச்சு வைக்கும்.
பிடிச்சுப் பிடிச்சுக் களைச்சுப் போகும்.
அப்ப உப்புக் குடுக்கணும்."
வன்னீர், மென்னீர் என்று
முப்பது வருசம் படிப்பித்தவள் நான்.
ஆனாலும் கேட்டேன்: உப்பா?
"உப்புத்தான் டீச்சர். அயடின் போடாத கல்லுப்பு."
ஊர்ப் பெயரிலேயே உப்பு,
கூப்பிடு தூரத்தில் கடல்,
இனி மூட்டையில் காசுக்கு வாங்க வேண்டும்.

தாங்கியிலிருந்து இறங்கும் பைப்பை அறுத்தார்.
உள்ளே வளையம் வளையமாய்க் கல்,
சுண்டுவிரல் நுழையாது.
அந்தத் துண்டை ஜன்னல் விளிம்பில் வைத்தேன்,
ஏனென்று கேட்டால் தெரியாது.

சமையலறைக் குழாய்க்கு மட்டும் தனி லைன்:
"சேருக்குப் பிரஷர் எண்டீங்க,
குடிக்கப் பழைய தண்ணியே இருக்கட்டும்."
கழிவு எலுமிச்சைக்குப் போகக் கூடாது,
தென்னைக்கு விடலாம், தென்னை தாங்கும்.

பிறகுதான் சிக்கல்.
மூட்டு இரண்டு சுற்றுப் போனது,
மூன்றாவதில் இறுகி நின்றது.
கழற்றி, வெள்ளை டேப் சுற்றி, மறுபடி.
ஒழுகியது.
"அவங்கட புரி வேற, எங்கட புரி வேற.
பலவந்தம் பண்ணினா வெடிச்சிரும்."
சாவியைக் கீழே வைத்து
ஒரு பிளேன்டீ குடித்தார்.

மறுநாள் டவுன் லேத்தில் கடைந்து வந்தார்
பித்தளையில், பெருவிரல் நீளத்துக்கு.
ஒரு முனையில் அவன் புரி,
மறு முனையில் எங்கள் புரி.
இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.
இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

மணிக்கூடு வைக்க நிமலனை வீடியோவில் எடுத்தோம்.
"அக்கா, இப்ப இரவு பதினொண்டரை எண்டு போடச் சொல்லு."
முஸம்மில் போட்டுவிட்டார்.
இங்கே முற்றத்தில் ஒன்பது மணி வெயில்,
அவன் முதுகுக்குப் பின்னால் கறுத்த ஜன்னல்,
ஒருவருமே கவனிக்கவில்லை.

சாமம் இரண்டு மணிக்கு, எல்லோரும் உறங்க,
அது தன்னைத் தானே கழுவிக்கொள்ளுமாம்.
நமக்கு அது பகல் பதினொன்றரை,
நான் பருப்பு வைக்கும் நேரம்.
பழைய தண்ணியில் பருப்பு வேகாமல் கிடக்க
கொல்லையில் எந்திரம் உப்பை உறிஞ்சி
தொண்டையைக் கனைத்து
பிடித்து வைத்ததெல்லாம்
தென்னையடியில் கொட்டுகிறது.
இரண்டு பட்டனை அமத்தினால் சரிவரும் என்றார் முஸம்மில்.
இன்னும் அமத்தவில்லை.

குளித்துவிட்டு அவர் சத்தம் போடுகிறார்,
எவ்வளவு ஊற்றியும் சவுக்காரம் போகுதில்லை, வழுக்குது.
போயிற்று, இந்தத் தண்ணியே அப்படித்தான் என்கிறேன்.
மூட்டையைச் சாய்க்கும்போது
'உப்பிட்டவரை' என்று ஏதோ வாய் வரை வரும்.
விழுங்கிவிடுவேன்.

இன்று காலை
பித்தளைத் துண்டின் கீழே ஒரு துளி.
எந்தப் பக்கத்துப் புரி என்று
விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.