மெல்லக் கழுவும் வண்டி

குளச்சலில் மீன் ஏற்றிய குட்டியானை.
நான் வாங்கும்போது
தளத்து இடுக்கில் சாளைச் செதில் ஒட்டியிருந்தது.
ஒன்றேமுக்கால் லட்சம். பாதி, நகைக்கடன்.
"வாடை மட்டும் போவாது கேட்டியளா"
விற்ற ததேயு நேர்மையாகச் சொன்னார்.
நான் ஏற்றப்போகும் சரக்கு
எந்த வாடையையும் தின்றுவிடும் என்பதை
அவரிடம் சொல்லவில்லை. விலை ஏற்றியிருப்பார்.

கருங்கல் சந்தைக்குப் பின்னால் வெல்டிங் கடை.
சுஜின்லால் சாக்கட்டியால் தளத்தில் கோடு போட்டான்:
ஐந்நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி, அச்சுக்கு நேர் மேலே;
நூறு லிட்டரில் ஹைப்போ, பின்கதவோரம்;
சோப்புக்கு நீலக் கேன்.
பம்ப் மட்டும் என் டிபன்பாக்ஸ் அளவு.
வண்டி பேட்டரியே போதும் அதற்கு.
"இதுக்க வேகத்துலயா சொவரு கழுவப் போறிய?
பல்லுகூட தேய்க்க முடியாதக்கா."

சுவரை அடிக்கக் கூடாது, சுஜின்.
அடித்தால் பெயிண்ட் வரும், காரை வரும்,
பாசி மட்டும் துளைக்குள் பதுங்கி
அடுத்த இடவப்பாதிக்குத் தலைதூக்கும்.
மேலே தெளித்துவிட்டு
பத்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும்.
அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் கூலி.

சொல்லிவிட்டேன்.
எனக்கே முழு நம்பிக்கை இல்லை.
அண்டி ஆபீசில் ஒன்பது வருடம் கணக்கெழுதியவள்,
விகிதம் ஒன்றுதான் பிடிபட்டிருந்தது:
ஒரு பங்கு ஹைப்போவுக்கு மூன்று பங்கு தண்ணீர்.

பித்தளை நிப்பிள் போட்டது தப்பு.
பதினோராம் நாள் பச்சையாய்க் கக்கியது.
பாதித் தொட்டியோடு
திக்கணங்கோடு வளைவில் திரும்பியது அதைவிடத் தப்பு.
நான் திரும்பினேன், தண்ணீர் திரும்பவில்லை.
அரை நொடி
இருவரும் வெவ்வேறு ஊருக்குப் போகப் பார்த்தோம்.
அன்றிரவே தொட்டிக்குள் தடுப்பு.
என் கறுப்புச் சுடிதார்
யாரையும் கேட்காமல் புள்ளிச் சுடிதாராயிற்று.

விளம்பரம் எழுத ஆர்ட்டிஸ்ட் மூவாயிரம் கேட்டார்.
மூவாயிரத்துக்கு நாலு கேன் ஹைப்போ வரும்.
எங்கள் மதிலோ
வருடத்துக்கு இரண்டு மழை குடித்து
எருமை முதுகாய் நின்றது, ரோட்டைப் பார்த்து.
நாசிலைச் சுருக்கி
அந்தக் கறுப்பில் போன் நம்பரை எழுதினேன்.
எழுதினேன் என்பது சரியில்லை.
எண்கள் இருந்த இடத்தில் பாசியை எடுத்தேன்.

பத்து நிமிடம் நின்றிருக்க வேண்டும்.
மழை இருட்டுகிறதென்று துணி எடுக்க ஓடினேன்.
கடைசி மூன்று
வாயோரம் ஒழுகி
எட்டானதைக் கவனிக்கவில்லை.

பதினாறு நாள்.
வங்கியிலிருந்து மட்டும் கூப்பிட்டார்கள்.

பதினேழாம் நாள் ஒரு பெண்:
"நான் இரணியல்ல இருந்து பிரேமகுமாரி.
கருங்கல்ல யாரோ எனக்க நம்பர மதில்ல எழுதிப் போட்டிருக்காவ.
பாசி எடுக்க எவ்வளவுன்னு நாலு பேரு விளிச்சாச்சு.
அதான் கடைசி அக்கத்த
பூச்சியத்துல இருந்து ஒண்ணொண்ணா மாத்தி விளிக்கேன்.
நீங்க நாலாவது ஆளு. மதிலு ஒங்களுக்கதா?"

என்னுடையதுதான் என்றேன்.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"இருங்க. நாலு பேருல ஒருத்தரிட்ட
சதுரடி ஆறு ரூவான்னு சும்மா அடிச்சுவிட்டேன்.
சம்மதிச்சுட்டாரு."

நான் நினைத்திருந்தது மூன்றரை.

"பின்ன, எனக்க வீட்டு மாடியும் கறுத்துக் கெடக்கு.
அதுக்குக் காசு கேக்கப்பிடாது, பாத்துக்கிடுங்க."

இரணியலில் காலை ஏழரை.
முதலில் அவள் குரோட்டன்ஸுக்கு நல்ல தண்ணீர்,
வேர்வரை நனைய.
பிறகு மாடிச் சுவர், மேலிருந்து கீழே.
பிறகு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி.
கறுப்பு தவிட்டு நிறமாகி
தவிடு வெளுத்துக்கொண்டிருந்தது.
"இவ்வளவுதானா?" என்றாள்.
இவ்வளவுதான் என்றேன்.
"பத்து நிமிசம்னு யாரிட்டயும் சொல்லாதீங்க.
வெலைய கொறைப்பாவ."

மதிலில் அந்த எட்டை நான் திருத்தவில்லை.
அடுத்த மழையில் தானாய் மூடிக்கொள்ளும்.
அதற்குள் அவளுக்கு
ஒரு சம்பளம் பேசிவிட வேண்டும்.
பேசி ஜெயிக்க முடியுமென்று தோன்றவில்லை.